யாரும் சாகாத புத்தகம்

அத்தியாயம் 14

அந்த வீட்டில் உருப்படியாகப் புத்தகம் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரைத்தான் கண் டாக்டர் ஒரு மாதத்துக்குப் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

நம் நூலகருக்குத்தான் இந்த அநியாயம். இடது கண்ணில் விழித்திரை ஆபரேஷன் ஆகி இன்றோடு இருபது நாள். வாசல் கதவு அகலத்துக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் தெருவில் இறங்கினால், ரகசியப் போலீஸோ என்று பயந்து எதிரே வருகிற சைக்கிள்கள் எல்லாம் மரியாதையாக ஓரம் ஒதுங்குகின்றன.

கண் போனால் போகட்டும், முதல் புதன்கிழமை போகலாமா? அதுதான் நூலகத்தில் புதுவரவு நாள். முப்பத்தோரு வருஷமாக நிற்காமல் நடக்கிற நாள். புதிதாக வந்த புத்தகங்களை எடுத்து, இது இன்னாருக்கு, ஏன் என்றால் இன்ன காரணம் என்று ஒரு சீட்டு எழுதி அட்டைக்குள் செருகி வைப்பார் நூலகர். அந்தச் சீட்டுக்காக எட்டு மணிக்கே வந்து வரிசையில் நிற்கிற ஜனங்கள் இருக்கிறார்கள். ஒன்பதரைக்குக் கதவு திறந்ததும் புதுவரவு அலமாரியை நோக்கி அவர்கள் பாய்கிற பாய்ச்சலில், ஒருவர் செருப்பு இன்னொருவர் காலில் ஏறி அவர் வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

நூலகர் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். முழுக்கப் படிக்காத புத்தகத்துக்குச் சீட்டு எழுதுவதில்லை. நன்றியுரையில் பதிப்பாளரின் மைத்துனர் பெயர் வரைக்கும் படித்த பிறகே பேனா மூடி திறக்கும்.

இந்த மாதம் அந்தச் சட்டம் மாட்டிக்கொண்டது. வந்திருந்த நான்கில் இரண்டை ஆபரேஷனுக்கு முன்பே முடித்திருந்தார். மீதி இரண்டையும் குடும்பம் பங்கு போட்டுக்கொண்டது. ஒன்றை மகள் எடுத்துக்கொண்டாள். அவள் பல் டாக்டர். புத்தகத்தை ‘ஆ’ காட்டச் சொல்லி உள்ளே எட்டிப் பார்ப்பதுதான் அவள் படிக்கிற முறை. “நாலாவது அத்தியாயம் கொஞ்சம் ஆடுதும்மா. மத்ததெல்லாம் உறுதியா இருக்கு” என்று பத்து நிமிஷத்தில் அறிக்கை கொடுத்துவிட்டாள்.

இன்னொன்று, கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒருவனையும் அவன் மனைவியையும் பற்றிய நாவல். அதை எடுத்துக்கொண்டவர் நூலகரின் கணவர். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். படிப்பதும் பஸ் ஓட்டுவது மாதிரியே. கட்டுப் போட்ட கண்ணோடு கட்டிலில் சாய்ந்திருந்த மனைவியிடம் சாயங்காலம் சாயங்காலம் கதை சொன்னார். “அஞ்சாம் அத்தியாயம் வந்தாச்சு. பத்து நிமிஷம் நிக்கும், டீ குடிக்கிறவங்க குடிக்கலாம்” என்பார். சொன்ன கதை அவ்வளவு அழகு. நூலகர் சொல்லச் சொல்ல, மகள் சீட்டை எழுதினாள்.

அந்தச் சீட்டு நேற்று யார் கைக்குப் போனது என்பதில்தான் இந்த வாரக் கூத்து முழுவதும் இருக்கிறது.

தையற்காரம்மா கைக்கு.

நான்கு மாதம் முன்னால் கணவரை இழந்தவர். கடையில் அவர் வெட்ட, இவர் தைப்பார். வாரம் மூன்று புத்தகம் தின்கிற வாசகி, அதற்குப் பிறகு நூலகப் பக்கமே தலைகாட்டவில்லை. நேற்றுதான் வந்தார். வரிசையின் கடைசியில் நின்றார்.

“மேடம், எனக்கு யாரும் சாகாத புத்தகம் ஒண்ணு வேணும். நல்லா இல்லைன்னாலும் பரவாயில்லை. யாரும் சாகக் கூடாது, அவ்வளவுதான்.”

நூலகர் யோசிக்கவே இல்லை. கலங்கரை விளக்கத்தை எடுத்துக் கொடுத்தார். “நம்பிப் படிங்க. நான் உத்தரவாதம்” என்றார்.

இன்று வியாழன். காலை ஒன்பது முப்பத்திரண்டு. திருப்பிக் கொடுக்கும் மேசையில் நூலகர் தேதி முத்திரையைத் தடவிப் பார்த்து நாளை மாற்றிக்கொண்டிருந்தபோது, கணக்கு வாத்தியார் வந்து நின்றார். பள்ளிக்கூடத்தை விட்டுப் பத்து வருஷம் ஆகியும் அவர் சட்டைப் பையில் சாக்பீஸ் இருக்கும் என்று பேச்சு. கலங்கரை விளக்கம் நாவலின் இரண்டாவது பிரதி அவரிடம் போயிருந்தது.

“ஒரே நாள்ல முடிச்சிட்டேன் மேடம். பிரமாதம்! இந்த வருஷத்துல நான் அழுத மூணாவது புத்தகம்.”

“அழுதீங்களா சார்? அது சந்தோஷமான கதையாச்சே.”

“என்ன மேடம் இது? அவன் சாகுற இடத்துல அழாம எப்படி? பக்கம் நூத்தி எண்பத்தாறு, மேலேருந்து ஏழாவது வரி.”

நூலகரின் கையில் இருந்த முத்திரை மேசையில் விழுந்து, வாத்தியாரின் உறுப்பினர் அட்டையிலும் மேசை விரிப்பிலும் ஒரு தேதி போட்டது.

“யார் சாகிறது?”

“விளக்குக்காரன்தான். அதுக்கப்புறம் நூத்திப் பதினாலு பக்கம் அந்தப் பொண்ணு தனியா விளக்கு ஏத்துறா. அதுதானே மேடம் புத்தகமே!” வாத்தியார் கண்ணாடியை மூக்கில் இறக்கி அவரைப் பார்த்தார். “நீங்க படிச்சிருக்கீங்கல்ல?”

முப்பத்தோரு வருஷத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. நூலகர் போனை எடுத்துக்கொண்டு அகராதி அலமாரிக்குப் பின்னால் போனார்.

“என்னங்க, அந்தக் கலங்கரை விளக்கம் கதையில கடைசியில என்ன ஆச்சு?”

“அதான் சொன்னேனே லைப்ரரி.” கல்யாணம் ஆன நாளிலிருந்து மனைவிக்கு டிரைவர் வைத்த பெயர் அது. “ரெண்டு பேரும் கீழே இறங்கி வந்து கரையில ஒரு வீடு கட்டுறாங்க. முன்னாடி ரெண்டு செடி வைக்கிறாங்க.”

“எந்தப் பக்கத்துல?”

“வாசலுக்கு வலது பக்கம்.”

“செடி இல்லைங்க! புத்தகத்துல எத்தனாவது பக்கம்?”

மறுமுனையில் தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

“கோபப்படாதே லைப்ரரி. நான் கொஞ்சம் முன்னாடியே இறங்கிட்டேன்.”

“எங்கே?”

“நூத்தி எண்பத்திரெண்டுல.”

“அது முந்நூறு பக்கப் புத்தகம்!”

“எனக்கு அந்த ரோடு பிடிக்கலை. ரோடு சரியில்லைன்னா வண்டியைத் திருப்புறது டிரைவர் இஷ்டம். முப்பது வருஷம் ஓட்டினேன், என் வண்டியில ஒரு பயணி செத்தது கிடையாது.”

“இப்போ ஒருத்தன் செத்துட்டான். அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் யார் கையில குடுத்திருக்கேன் தெரியுமா?”

சொன்னார். இருபத்தைந்து டன் லாரி குறுக்கே வந்தபோதும் பேசிக்கொண்டே பஸ்ஸை ஓரம் கட்டிய டிரைவர் போனை வைத்துவிட்டார்.

நூலகர் தையல் கடைக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது. நூலகர் உதவியாளரிடம் மேசையை ஒப்படைத்தார். தானே முழுக்கப் படித்த புதுவரவில் ஒன்றை, யாருக்கும் ஜலதோஷம்கூட வராத ஒரு பயணப் புத்தகத்தை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

இரண்டு தெருதான். அந்த இரண்டு தெருவை அவர் கடந்த வேகத்தைக் கண் டாக்டர் பார்த்திருந்தால் அவருக்கு ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கும். நடக்க நடக்க மனசுக்குள் கணக்கு ஓடியது. நேற்று பதினோரு மணிக்கு எடுத்துக்கொண்டு போனார். கடையில் வேலை. நாற்பது பக்கம் படித்திருப்பார். மிஞ்சினால் எண்பது. கடவுளே, எண்பதைத் தாண்டியிருக்கக் கூடாது.

கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நீலத் தலையணை உறையைத் தைத்துக்கொண்டிருந்த தையற்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். மெஷினை நிறுத்தவில்லை. வெட்டும் மேசையில், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் நாவல் கிடந்தது. உள்ளே அடையாளத்துக்கு எதுவும் வைத்திருக்கவில்லை. முடித்த புத்தகத்துக்கு எதற்கு அடையாளம்?

“முடிச்சிட்டீங்களா?” என்றார் நூலகர்.

“காலையில, கடையைத் திறக்கிறதுக்கு முன்னாடி.”

மெஷின் ஒரு கரையை முடித்து இன்னொரு கரைக்குத் திரும்பியது.

“உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன் மேடம். நாலு மாசமா யார்கிட்டயும் எதுவும் கேட்கலை. உங்ககிட்ட மட்டும்தான் கேட்டேன்.” அவர் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் நூலகருக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். “நூத்தி எண்பத்தாறாம் பக்கம் வந்ததும் உங்க சீட்டை எடுத்துப் பார்த்தேன். நான்தான் தப்பாப் படிக்கிறேனோன்னு. திரும்பத் திரும்ப மூணு தடவை பார்த்தேன்.”

“தப்பு என்னோடதுதான்.”

“வேணும்னே குடுத்தீங்களா? அழுது தீர்க்கட்டும்னு? என் நாத்தனார் அப்படித்தான் சொல்றா, அழுது தீர்த்துடுன்னு. தீர்க்கிறதுக்கு அது என்ன பாத்திரத்துல மிச்சம் இருக்கிற குழம்பா?”

“இல்லைம்மா. நான் அதைப் படிக்கவே இல்லை.”

மெஷின் நின்றது.

தையற்காரம்மா சக்கரத்தில் உள்ளங்கையை வைத்தபடி பார்த்தார். சூரியன் இன்று விடுமுறை என்று சொல்லியிருந்தாலும் இவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

“நீங்களா? படிக்காமலா?”

நூலகர் கறுப்புக் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். “படிக்கக் கூடாதுன்னுட்டாங்க. என் வீட்டுக்காரர் படிச்சு எனக்குக் கதை சொன்னார். நூத்தி எண்பத்திரெண்டோட மூடி வெச்சுட்டு, மீதியை அவரே கட்டி விட்டிருக்கார். இப்பத்தான் தெரிஞ்சது. அவரைச் சொல்லிக் குத்தமில்லை. சீட்டு என்னோடது. இதை மாத்திக் குடுத்துட்டு, உங்ககிட்ட மன்னிப்புக் கேட்கத்தான் ஓடி வந்தேன்.”

பயணப் புத்தகத்தை மேசையில் வைத்தார். தையற்காரம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து வந்து நாவலைப் பிரித்து, வேகமாகப் பக்கங்களைத் தள்ளினார்.

“எத்தனை சொன்னீங்க? நூத்தி எண்பத்திரெண்டா?”

“ஆமா.”

“அங்கே இன்னும் சாகலையே மேடம். அதுக்கு நாலு பக்கம் இருக்கு. அங்கே என்ன இருக்குன்னு தெரியுமா?”

“தெரியாது. படிச்சுச் சொல்லுங்க.”

தையற்காரம்மா விரலை வரியில் வைத்துப் படித்தார். துணிக்கு அளவு சொல்கிற குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல். “‘எண்ணெய்ப் பாத்திரத்தோடு ஏறும்போது நான்காவது திருப்பத்தில் அவன் நின்றான். என்ன என்று அவள் மேலேயிருந்து கேட்டாள். கடலைப் பார்க்கிறேன் என்றான். அந்தத் திருப்பத்தில் சன்னல் கிடையாது.’”

புத்தகத்தை மூடினார்.

“எங்க கடைக்கு மூணு படி. பார்த்தீங்களா? என் வீட்டுக்காரர் ரெண்டாவது படியில நின்னு பூட்டைப் பார்ப்பார். துருப்பிடிச்சிருக்கான்னு பார்க்கிறேம்பார். அது புதுப் பூட்டு மேடம். நான் சிரிச்சிருக்கேன், பூட்டுக்கே பூட்டுப் போடுவீங்க போலன்னு. நெஞ்சு வலின்னு அப்புறம்தானே தெரிஞ்சது.” புத்தகத்தைத் தட்டிக் காட்டினார். “அப்போ இந்த வரியை நான் படிச்சிருந்தா சும்மா தாண்டிப் போயிருப்பேன். யாரா இருந்தாலும் தாண்டிப் போயிடுவாங்க. செத்த பக்கத்துல மூடினா, சரி, பயந்த மனுஷன்னு சொல்லலாம். இந்த வரியில ஒருத்தர் மூடுவாரா?”

நூலகருக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது.

தையற்காரம்மா சீட்டை எடுத்து, பல் டாக்டரின் கையெழுத்தில் இருந்ததைச் சத்தமாகப் படித்தார். “‘கடைசியில் இருவரும் படியிறங்கி வந்து கரையில் ஒரு வீடு கட்டுகிறார்கள். ஒரு படிகூட இல்லாத வீடு.’ இது உங்க வீட்டுக்காரர் சொன்னதா?”

“ஆமா. படி இல்லாத வீடுன்னு ரெண்டு தடவை சொன்னார்.”

“நீங்க இருக்கிறது எத்தனாவது மாடி?”

“மூணாவது.”

“லிப்ட் இருக்கா?”

நூலகர் இல்லை என்று தலையாட்டினார்.

“அப்போ இங்கே ஏன் மேடம் நின்னுக்கிட்டு இருக்கீங்க? போங்க!” என்றார் தையற்காரம்மா. வாசல் வரை கையைப் பிடித்துக் கொண்டுவந்து மூன்று படியையும் இறக்கி விட்டார். “உங்க மேல எனக்குக் கோபம் இன்னும் போகலை. அதை அப்புறம் பேசிக்கலாம். புத்தகத்தையும் இப்பத் தர மாட்டேன், இன்னும் பதிமூணு நாள் கெடு இருக்கு. அவ எப்படித் தனியா விளக்கு ஏத்துறான்னு இன்னொரு தடவை பார்க்கணும்.”

ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்த எட்டு நிமிஷத்தில் நூலகர் எட்டு வருஷம் வயதானார்.

டிரைவர் மேலே இல்லை. கீழேதான் இருந்தார். வாட்ச்மேன் கூண்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், காலடியில் காய்கறிப் பையோடு, உலகத்தில் உள்ள எல்லா ஹேர்பின் வளைவுகளையும் வர்ணித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க மேடம்” என்று வாட்ச்மேன் எழுந்தார். “சார் தினமும் கடைக்குப் போயிட்டு வந்து என்கூட ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிட்டுத்தான் மேலே போவார். இந்த பில்டிங்ல இத்தனை பேர் இருக்காங்க, என்னை ஒரு ஆளா மதிச்சு உட்கார்றது சார் ஒருத்தர்தான்.”

டிரைவர் வாட்ச்மேனைப் பார்த்த பார்வையில், இனிமேல் உட்கார மாட்டேன் என்று இருந்தது.

நூலகர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தையல் கடைக்குப் போயிட்டு வரேன்.”

“திட்டினாங்களா?”

“என்னைத் திட்டினாங்க.”

“என்னை?”

“உங்களைத் திட்டலை. நீங்க எந்த வரியில புத்தகத்தை மூடினீங்கன்னு எனக்குப் படிச்சுக் காட்டினாங்க.”

டிரைவர் குனிந்து காய்கறிப் பையைச் சரி செய்தார். சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் சரி செய்தார். வாய்வரை ஒரு நகைச்சுவை வந்து, இறங்க இடம் தெரியாமல் திரும்பிப் போவதை நூலகர் ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

“எத்தனை நாளா?”

“உன் கண்ணுக்குத் தேதி குறிச்சாங்களே, அந்த வாரத்துலேருந்து.”

“ஏன் சொல்லலை?”

“ஆபரேஷன் முடியட்டும்னு இருந்தேன். அப்புறம் கட்டுப் பிரிக்கட்டும்னு. கண்ணுல தண்ணி விடக் கூடாது, அழ விடாதீங்கன்னு அந்த டாக்டர் என்கிட்டதானே சொன்னார்?”

“இப்ப வலிக்குதா?”

“உட்கார்ந்திருந்தா ஒண்ணுமில்லை. ரெண்டாவது மாடி திரும்பும்போது மட்டும்தான். யாரோ உள்ளே ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடிச்ச மாதிரி.”

“நிஜமா அவ்வளவுதானா? இதுலயும் நூத்திப் பதினெட்டு பக்கத்தை விட்டுட்டீங்களா?”

“நிஜமா அவ்வளவுதான் லைப்ரரி.” அவர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். “அந்தப் புத்தகத்துல அவன் படியில நின்னதும், எனக்கு யாரோ என்னைப் பார்த்துட்ட மாதிரி இருந்தது. மூடிட்டேன். அவங்களை எப்படியாவது கீழே இறக்கிடணும்னு தோணுச்சு. வேற எதுவும் தெரியலை.”

வாட்ச்மேன், நல்ல மனிதர், திடீரென்று வாசல் கேட்டில் எண்ணெய் போட வேண்டியது ஞாபகம் வந்து அந்தப் பக்கம் போனார்.

நூலகர் போனைத் தடவி மகளின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். வாயில் பஞ்சோடு நோயாளி உட்கார்ந்திருந்தால் மகள் போனை எடுக்கவே மாட்டாள். ஊரே அறிந்த விஷயம். இன்று ஒரே மணியில் எடுத்தாள்.

“அம்மா, நானே கூப்பிடணும்னு இருந்தேன்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “நான் சொல்றதைக் கேட்டுக் கத்தாதே. போன வாரம் அப்பாவும் நானும் உனக்குத் தெரியாம ஒரு இடத்துக்குப் போனோம். நெஞ்சுக்கு டெஸ்ட் எடுக்க. அப்பாதான் சொல்லாதேன்னார். ரிப்போர்ட் நேத்துச் சாயங்காலமே என் கைக்கு வந்துடுச்சு.”

டிரைவர் நாற்காலியில் நிமிர்ந்தார். “நேத்தேவா?” என்று உதட்டை மட்டும் அசைத்தார். அவருக்கே அது தெரியாது.

“இன்னும் உறையைப் பிரிக்கலைம்மா. தினம் பத்துப் பேர் பல்லைப் பிடுங்குறேன், ஒரு உறையைப் பிரிக்க முடியலை. அப்பாகிட்ட இன்னும் வரலைன்னு சொல்லிட்டேன். உன்கிட்ட முதல்ல சொல்லிட்டு, அப்புறம் அவருக்கு எப்படி மாத்திச் சொல்றதுன்னு...”

“அப்பா பக்கத்துலதான் இருக்கார்.”

டிரைவரின் கை பையை விட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியின் கையைத் தேடி வந்தது. நூலகர் அதை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“பிரி” என்றார் நூலகர். “நாங்க ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டு இருக்கோம். என்ன எழுதியிருக்கோ, அப்படியே படி.”

ஒலிபெருக்கியில் காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது.